குக்கபராவோடு முதல் வருடம்: ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குக்கபரா என்பது மீன்கொத்திக் குடும்பத்துப் பறவை. அதைப் பற்றிப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாப்பாடு போடலாமா? ஜன்னலில் வந்து வந்து மோதுகிறதே, என்ன செய்வது? ரோட்டோரம் அடிபட்டுக் கிடக்கிறது, யாரைக் கூப்பிடுவது? தோட்டத்து மரத்தில் கூட்டுப்பெட்டி மாட்ட யாரிடம் அனுமதி வாங்குவது? இதற்கெல்லாம் பதில் தேடி நான் கவுன்சில் (உள்ளூராட்சி), வெட் (கால்நடை மருத்துவர்), வீட்டு ஏஜென்ட் என்று நிறைய அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு தகவலும் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குக்கபரா வலசை போகாது. குடும்பமாக, தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, வருடம் முழுவதும் அதே இடத்தில் வாழும். கீழே சொல்லியிருக்கும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து வருவதுதான்.

1. உங்கள் பகுதியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், கான்பெரா, அடிலெய்டு பக்கம் இருந்தால் நீங்கள் பார்ப்பது சிரிக்கும் குக்கபரா. கிழக்கு ஆஸ்திரேலியாதான் இதன் சொந்த மண். பெர்த்திலும் டாஸ்மேனியாவிலும் இருப்பவை மனிதர்கள் கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தவை. பெரிய தலை, தடித்த அலகு, வெண்மையான மார்பு, கண்ணை ஒட்டி ஒரு பழுப்புப் பட்டை. 40 செ.மீ. சொச்சம் நீளம்.

டார்வின், கெய்ர்ன்ஸ், டவுன்ஸ்வில் பக்கம் இருந்தால் நீலச்சிறகு குக்கபராவையும் பார்க்கலாம். அதற்குக் கண் வெளிறியிருக்கும், கண் பட்டை இருக்காது, சிறகில் நீலம் தூக்கலாக இருக்கும். ஆணின் வால் நீலம், பெண்ணின் வால் செம்பழுப்பில் வரிகளோடு. குரலில் சிரிப்பை விடக் கீச்சலும் கரகரப்பும்தான் அதிகம். குவீன்ஸ்லாந்தின் வடகிழக்கில் சில இடங்களில் இரண்டும் இருக்கின்றன. அங்கே கண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டுமே மீன்கொத்திக் குடும்பம். ஆனால் மீனை நம்பி வாழ்பவை அல்ல. நம் ஊரில் குளமே இல்லாத இடத்தில் மின்கம்பியில் உட்கார்ந்து ஓணானும் வெட்டுக்கிளியும் பிடிக்கும் வெண்மார்பு மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். இதன் வேட்டையும் அதே வகைதான்: உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, அசைவு தெரிந்ததும் கீழே பாய்வது. புழு, பூச்சி, பல்லி, தவளை, எலி, சின்னப் பாம்பு, பிற பறவைகளின் குஞ்சு எல்லாம் சாப்பிடும். பெரிய இரையாக இருந்தால் கிளையிலோ தரையிலோ அடித்து அடித்துத் துவைத்த பிறகுதான் விழுங்கும். புல்வெட்டியை ஓட்டி முடித்ததும் துணி காயப்போடும் கம்பியில் வந்து உட்கார்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வெட்டிய புல்லில் புழு நன்றாகக் கண்ணில் படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "குக்கபரா இருந்தால் பாம்பு வராது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நம்பிக் குழந்தைகளைச் செருப்பில்லாமல் புல்லில் விடாதீர்கள். அது பிடிப்பது பெரும்பாலும் சின்னப் பாம்புகளைத்தான். பல்லியும் எலியும் நிறைய இருக்கும் இடம் அதற்குப் பிடிக்கும், பாம்புக்கும் அதே இடம்தான் பிடிக்கும்.

2. சத்தத்தைப் பழகிக்கொள்ளுங்கள்

விடியலுக்கு முன்னும் அந்தி நேரத்திலும் ஒரு பறவை தொண்டைக்குள் மெல்லக் குலுங்க ஆரம்பிக்கும். அடுத்தது சேர்ந்துகொள்ளும், பிறகு குடும்பமே தலையைத் தூக்கிக் கத்தும். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து பக்கத்துக் குடும்பம் பதில் சொல்லும். "இது எங்கள் இடம், நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்" என்ற அறிவிப்பு அது. காது கொடுத்துக் கேட்டால் எல்லைக்கோடு எந்தத் தெருவில் ஓடுகிறது என்றுகூட ஊகிக்கலாம்.

இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர்களுக்கு இது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் கவுன்சிலுக்குப் புகார் எழுதிப் பயனில்லை. காட்டுப்பறவையின் சத்தத்துக்கு அவர்கள் எதுவும் செய்ய மாட்டார்கள். கல்லெறிந்து விரட்டுவது சட்டத்துக்கு விரோதம். குடும்பம் அங்கேயேதான் வாழும் என்பதால், படுக்கை அறையை வீட்டின் வேறு பக்கம் மாற்றிக்கொள்வது ஒன்றே நிரந்தர வழி.

3. வருடத்தின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆகஸ்ட் வாக்கில் சத்தம் கூடும், ஜோடி பொந்துகளைப் பார்த்து வரும். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை இனப்பெருக்கக் காலம். மரப்பொந்திலோ, மரத்தின் மேலிருக்கும் கறையான் புற்றைக் குடைந்தோ முட்டையிடும். புல்லும் சருகும் வைத்துக் கூடு கட்டுவதில்லை. வழக்கமாக 2 அல்லது 3 முட்டை. அடைகாப்பது 24 முதல் 26 நாள். குஞ்சுகள் ஏறக்குறைய 5 வாரத்தில் வெளியே வரும். அதன் பிறகும் இரண்டு மாதம் போலப் பெரியவைதான் ஊட்ட வேண்டும். அக்டோபர் முதல் வாரம் முட்டையிட்டால், குஞ்சு கூட்டை விட்டு வருவது டிசம்பர் முதல் வாரம், தானாக இரை தேடிக்கொள்வது ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடைகாப்பதும் ஊட்டுவதும் அப்பா அம்மாவின் வேலை மட்டும் இல்லை. முந்தைய வருடங்களில் பிறந்த அண்ணன் அக்காக்கள் ஓரிரு வருடமோ அதற்கு மேலுமோ வீட்டோடு இருந்து தம்பி தங்கைகளை வளர்ப்பார்கள். எனக்கு இந்தப் பறவையிடம் மிகவும் பிடித்தது இதுதான். எது அம்மா, எது அக்கா என்று தூரத்திலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அலகு குட்டையாகவும் கறுப்பாகவும் இருந்தால் அது இந்த வருடத்துக் குஞ்சு.

மனதைக் கஷ்டப்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர், நவம்பரில் கூட்டுக்குக் கீழே செத்த சின்னக் குஞ்சு கிடக்கலாம். முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. பொரிக்கும்போது குஞ்சின் மேலலகு நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். மூத்த குஞ்சுகள் அதைக் கொண்டு இளையதைக் கொத்தும். இரை குறைவாக இருந்தால் மூன்றாவதாகப் பிறந்தது பல கூடுகளில் பிழைப்பதில்லை. அதற்குப் பூனை மீதோ பக்கத்து வீட்டார் மீதோ உடனே சந்தேகப்பட வேண்டாம். ஏணி போட்டு ஏறி, மிச்சக் குஞ்சுகளைப் "பிரித்து வைக்க" ஒருபோதும் போகாதீர்கள்.

4. சாப்பாடு போடாதீர்கள்

நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாதவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தோடு வந்து கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் மின்ஸ் (அரைத்த இறைச்சி) வைக்கத் தோன்றும். பறவையும் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளும், போட்டோவும் நன்றாக வரும். கெடுதல் குஞ்சுக்குத்தான் போகிறது. காட்டில் அது பல்லியையும் எலியையும் எலும்போடு விழுங்குகிறது. கடை மின்ஸில் எலும்பு இல்லை, அதனால் கால்சியம் போதாது. பெரியவை அதையே கொண்டுபோய் ஊட்டினால் வளரும் குஞ்சின் எலும்பு வளைந்து ஒடியும். ஒட்டும் இறைச்சி அலகில் தங்கிக் கிருமி வளர்வது தனிப் பிரச்சினை.

இன்னொன்று, மனிதக் கையில் சாப்பாடு வரும் என்று பழகிய பறவை பார்பிக்யூ தட்டிலிருந்து சாசேஜைப் பிடுங்கிக்கொண்டு போகும். குழந்தையின் விரலும் சேர்ந்து கிழியலாம். பூங்காவுக்கு மாரினேட் செய்த கோழியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அடுப்பிலிருந்து தட்டுக்கு மாற்றும் நிமிடத்தில் கவனமாக இருங்கள். பாய்ச்சல் எப்போதும் பின்பக்கமிருந்துதான். தட்டை மூடி வைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா தேசியப் பூங்காக்களில் உணவு போட்டால் அபராதம் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால் ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். செலவு ஒன்றுமில்லை.

5. வீட்டில் செய்ய வேண்டிய சின்ன மாற்றங்கள்

ஜன்னல்: ஆகஸ்ட், செப்டம்பரில் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை எதிரிக் குடும்பம் என்று நினைத்துத் தாக்கும். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத்தான் தெரியும். வெளிப்பக்கம் மறைக்க வேண்டும். பழைய பெட்ஷீட், நிழல் துணி, சோப்புத் தண்ணீர்ப் பூச்சு, எதுவானாலும் சரி. சில வாரங்களில் வேகம் குறைந்துவிடும்.

எலிமருந்து: புரோடிஃபாகூம் போன்ற மருந்துகள் எலியின் உடலில் தங்கும். மருந்து தின்ற எலி சாவதற்கு முன் தள்ளாடிக்கொண்டு திரியும். குக்கபராவுக்கு அதைவிட எளிதான இரை கிடையாது. விஷம் அதற்கும், அது ஊட்டும் குஞ்சுக்கும் போய்ச் சேரும். எலிப்பொறி வையுங்கள், ஓட்டைகளை அடையுங்கள். வாடகை வீட்டில் ஏஜென்ட் பூச்சிமருந்து ஆளை அனுப்பினால், என்ன மருந்து என்று முன்கூட்டியே ஈமெயிலில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வலை: முருங்கை, மா, கொய்யா மரத்துக்குப் போடும் மெல்லிய பெரிய கண் வலையில் பறவைகள் சிக்கி இறகொடிகின்றன. விக்டோரியாவில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மற்ற மாநிலங்களிலும் அதையே வாங்குங்கள். வலைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் அந்த வலை வேண்டாம். தங்கமீன் தொட்டி வைத்திருந்தால் அதற்கும் இதே வலைதான். மீன் பிடிக்காத மீன்கொத்தி என்றாலும் தொட்டி மீனை விடாது.

6. அடிபட்ட பறவையைக் கண்டால்

இந்தப் பகுதியை மட்டும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரக் கம்பத்தில் உட்கார்ந்து வேட்டையாடும் பழக்கத்தால் காரில் அடிபடுவது இவற்றுக்கு அடிக்கடி நடக்கிறது. பறவை பின் சீட்டில் இருக்கும்போது எண் தேடுவது எவ்வளவு பதற்றம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். நெடுஞ்சாலை நடுவில் இறங்காதீர்கள். ஒரு துண்டை அதன் மேல் முழுதாகப் போட்டு, சிறகுகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி தூக்குங்கள். அலகு கெட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். காரில் பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், இறைச்சி ஊட்டாதீர்கள். நினைவு தப்பிய பறவைக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்து போன். கீழே இருப்பவை அடிபட்ட விலங்கு, பறவைகளுக்கு உதவும் அமைப்புகள். நியூ சவுத் வேல்ஸ்: வயர்ஸ், 1300 094 737. விக்டோரியா: வைல்ட்லைஃப் விக்டோரியா, 03 8400 7300. குவீன்ஸ்லாந்து: ஆர்எஸ்பிசிஏ, 1300 264 625. வசந்த காலத்தில் லைன் கிடைக்க நேரமாகும். பறவைக்கு ரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம், பக்கத்து வெட்டுக்கு நேராகப் போங்கள், போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஞாயிறு மாலை பல கிளினிக் மூடியிருக்கும். அவசர வெட் மருத்துவமனை ஒன்றின் முகவரியை இன்றே தேடி வைத்துக்கொள்வது நல்லது.

செலவு? காட்டுப்பறவைக்கு வெட்டுகள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ரிசப்ஷனில் "இது காட்டுப்பறவை, எனக்குச் சொந்தமில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வளர்ப்புப் பிராணிக்கான படிவத்தை நீட்டிவிடுவார்கள். ஆவணம்? உங்கள் பெயர், போன் நம்பர், பறவை கிடைத்த இடம், நேரம். அவ்வளவுதான். பாஸ்போர்ட், விசா எதையும் கேட்க மாட்டார்கள். மாணவர் விசாவில் இருக்கிறோம், ஏதாவது வம்பாகிவிடுமோ என்று பயந்து பறவையை ரோட்டிலேயே விட்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் தேவையே இல்லை.

இடத்தைத் துல்லியமாகச் சொல்வதுதான் இதில் மிக முக்கியம். "பாரமட்டா பக்கம்" என்றால் போதாது. தெரு, வீட்டு எண் அல்லது போன் மேப்பில் குத்திய புள்ளி வேண்டும். குணமான பெரிய பறவையை அதன் சொந்த எல்லைக்குள்ளேயே திரும்ப விட வேண்டும். வேறு இடத்தில் விட்டால் அது இன்னொரு குடும்பத்தின் இடம், துரத்தித் துரத்திக் கொத்துவார்கள். நீண்ட நாள் வெளியே இருந்தால் அதன் ஜோடியும் இடமும் கைமாறிப் போகலாம். அதனால்தான் முதல் மணி நேரத்திலேயே ஒப்படைப்பது அவசியம். கேஸ் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டால் பிறகு விசாரிக்கலாம்.

பூனை வாயில் அகப்பட்ட பறவை வெளியே காயமில்லாமல் தெம்பாகத் தெரிந்தாலும் வெட்டிடம் போக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். கண்ணாடியில் மோதி மயங்கியதைப் பெட்டியில் இருட்டில் வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் முதலில் மேலே பாருங்கள். பெரியவை சுற்றி உட்கார்ந்திருந்தால் அதற்கு ஆள் இருக்கிறது. நாயைக் கட்டிவிட்டு, தாழ்வான கிளையில் குஞ்சை ஏற்றி, தூரத்திலிருந்து கவனியுங்கள். என்ன செய்வது என்று சந்தேகம் வந்தால் மேலே சொன்ன எண்தான்.

நீங்களே வைத்து வளர்த்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பறவையை லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் இந்த அமைப்புகளில் பயிற்சி எடுத்துப் பராமரிப்பாளராகச் சேரலாம். இல்லையா, நன்கொடை கொடுங்கள். வரிவிலக்குத் தகுதி உள்ள அமைப்புக்கு 2 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

7. மரத்தை வெட்டும் முன், கூட்டுப்பெட்டி மாட்டும் முன்

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. நம் ஊரில் மரங்கொத்தி குடைந்து விட்டுப்போகும் பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறும். இங்கே பொந்து உருவாகக் கிளை முறிந்து, பூஞ்சையும் கறையானும் உள்ளே அரிக்க வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் அதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும். குக்கபராவுக்குத் தேவையான பெரிய பொந்துக்கு இன்னும் கூட. வீடு வாங்கியதும் "பட்ட மரம்தானே" என்று முதலில் வெட்டப் பார்ப்பது பல சமயம் அந்தத் தெருவிலேயே மிச்சமிருக்கும் ஒரே பொந்துள்ள மரமாக இருக்கும்.

மரம் வெட்டப் பல இடங்களில் கவுன்சில் அனுமதி வேண்டும். விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பட்ட மரத்துக்கும் பொருந்தலாம். ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) அறிக்கை கேட்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம். அறிக்கை வாங்கும்போதே ஆபத்தான கிளைகளை மட்டும் கழித்து, பொந்துள்ள அடிமரத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல மரங்களில் முடியும். எப்படியிருந்தாலும் வேலையை ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வைக்காதீர்கள்.

கூட்டுப்பெட்டிக்கு வாடகை வீடு என்றால் ஓனரின் எழுத்துமூல அனுமதி, ஈமெயில் போதும். அடுக்குமாடி என்றால் தோட்டத்து மரம் பொதுச்சொத்து, ஸ்ட்ராட்டா கமிட்டியிடம் (வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் குழு) கேட்க வேண்டும், கூட்டம் நடக்கும் வரை காத்திருக்க நேரலாம். வீட்டு முன் நடைபாதை ஓரத்து மரம் கவுன்சிலுடையது, அதில் கை வைக்காதீர்கள்.

பெட்டி வாங்கும்போது கிளிக்கான நெட்டையான பெட்டியை வாங்கிவிடாதீர்கள். குக்கபராவுக்குப் படுக்கை வசமான பெட்டி வேண்டும், தரை ஏறக்குறைய வாசல் மட்டத்தில் இருக்க வேண்டும். தயாராகக் கிடைக்கும் நல்ல பெட்டி 100 முதல் 200 டாலருக்குள் வரும். மாட்ட மரமேறும் ஆளைக் கூப்பிட்டால் அதைவிட அதிகமாகும், ஆனாலும் கூப்பிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு 5 மீட்டர் உயரத்தில் செய்யும் வேலை இல்லை இது. மேற்கு வெயில் படாத பக்கம், மரம் பருக்க இடம் விட்டு, ஜூன் அல்லது ஜூலையில் மாட்ட வேண்டும். ஆகஸ்டில் ஜோடி பொந்து பார்க்க வரும்போது பெட்டி அங்கே இருக்க வேண்டும்.

முதல் வருடமே வருவார்கள் என்று எண்ண வேண்டாம். மைனாவும் தேனீயும் முந்திக்கொள்வது சகஜம். தேனீ குடியேறினால் மருந்தடிக்காமல் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். வருடம் ஒருமுறை, மார்ச் முதல் ஜூன் வரைக்குள் பெட்டியைச் சோதிப்பது போதும். குக்கபரா குடியிருந்த பெட்டியின் வாசல் எச்சத்தால் நாறும். அது பயன்படுத்தியதற்கான நல்ல அடையாளம்.

8. பார்த்து மகிழ

இதற்கு அனுமதியும் வேண்டாம், பணமும் அதிகம் வேண்டாம். 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நன்று, இல்லாமலும் முடியும், ஏனென்றால் இவை மனிதரைக் கண்டு அதிகம் மிரளாது. சிட்னிக்காரர்கள் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது, மெல்பர்ன்காரர்கள் தி பேசின் விநாயகர் கோயிலுக்குப் போகும்போது, அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். இரண்டும் காட்டை ஒட்டிய இடங்கள். விடிகாலையில் போனால் குரல் கேட்கும் வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஓரிடத்தில் 20 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளைச் செயலியில் பதிய வேண்டும். இலவசம், குடியுரிமை எல்லாம் தேவையில்லை, குழந்தைகளும் சேரலாம். கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டாலும், எது என்று உறுதியாகத் தெரிந்தால் அதையும் பதியலாம். குக்கபராவின் குரலை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு என்பதால் புதிதாக வந்தவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.